ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை: ஒயரா, மோட்டாரா, புது கிட்டா?

எங்கள் காரில் பின்பக்க இடது கதவுதான் அம்மாவின் கதவு. முட்டி வலிக்காக வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். போன ஐப்பசி மழையில் ஒரு நாள், வீட்டு வாசலில் ரிமோட்டை அழுத்தினேன். மூன்று கதவுகளில் 'டக்' சத்தம் வந்தது. அம்மா பிடித்துக்கொண்டு நின்ற கதவு மட்டும் அசையவில்லை. நான் முன்கதவைத் திறந்து, சீட்டுக்கு நடுவில் கையை விட்டு, பின்கதவின் குமிழை இழுத்துவிடும் வரை அவர் நனைந்துகொண்டே நின்றார். அன்றைக்கே இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் சிக்கல். ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் மூன்று பதில். கம்பெனி சர்வீசில், "லாக் அசெம்ப்ளி முழுசா மாத்தணும், சார்" என்றார்கள். மோட்டாரும் லாக்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம் அது. கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில், இருப்பதைக் கழற்றிவிட்டு, ஒரே அழுத்தலில் நான்கு கதவையும் பூட்டும் புது சென்ட்ரல் லாக் கிட் போடச் சொன்னார்கள். தெருமுனையில் இருக்கும் கடையில் மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். அம்மாவோ, "எதுக்குப்பா செலவு, கையால லாக் பண்ணிக்கலாம்" என்றார். மின்சாரம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டால் இந்த நான்கு வழிகளில் இரண்டு அங்கேயே கழிந்துவிடும். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

கதவுக்குள் இருக்கும் லாக் மோட்டார் ரொம்ப எளிமையான பொருள். ஒரு சின்ன டிசி மோட்டார், இரண்டு மூன்று பிளாஸ்டிக் பற்சக்கரம், அவ்வளவுதான். அதற்கு வருவது இரண்டு ஒயர். சும்மா இருக்கும்போது பெரும்பாலான கார்களில் இரண்டுமே எர்த்தில் இருக்கும். லாக் செய்யும்போது ஒன்றில் 12 வோல்ட் வரும், மற்றது எர்த்தாகவே நிற்கும். திறக்கும்போது இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இந்த மாற்றத்தைச் செய்பவை இரண்டு ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள். அவை தனியாகவோ டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கும். அந்தப் பெட்டியைத்தான் மெக்கானிக்குகள் 'பிசிஎம்' என்கிறார்கள்.

இது புரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். லாக் ஆவதற்கும் திறப்பதற்கும் அதே இரண்டு ஒயர்கள்தான் என்பதால், ஒரு கதவு எப்போதும் லாக் ஆகிறது, ஆனால் திறப்பதில்லை என்றால் அந்தக் கதவின் ஒயர் அறுந்திருக்க வாய்ப்பில்லை. மோட்டார் களைத்திருக்கும், அல்லது லாக்கின் இரும்புப் பாகம் இறுகியிருக்கும். (ஓட்டுநர் கதவை மட்டும் முதலில் தனியாகத் திறக்கும் வசதி உள்ள கார்களில், அந்தக் கதவுக்குத் தனி ஒயர் போகும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.) நான்கு கதவும் லாக் ஆகின்றன, நான்குமே திறப்பதில்லை என்றால் சந்தேகம் ரிலே பக்கம் போக வேண்டும். நான்கும் செத்துக் கிடந்தால் ஃபியூஸ், எர்த், பிசிஎம். ரிமோட்டில் வேலை செய்யாமல் உள்ளே இருக்கும் பட்டனில் வேலை செய்தால், ரிமோட்டின் வட்ட பேட்டரியை மாற்றிப் பாருங்கள்; பல கார்களில் அது சிஆர் 2032, 3 வோல்ட். ஓட்டுநர் கதவின் குமிழை அழுத்தும்போது மற்ற கதவுகள் பின்தொடரவில்லை, ஆனால் ரிமோட்டில் எல்லாம் சரி என்றால், ஓட்டுநர் கதவுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்சோ அதன் ஒயரோதான் காரணம், மோட்டார் இல்லை.

பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால், கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்ட் லாக் நெம்புகோலை ஒரு முறை பாருங்கள். அது முழுக்க மெக்கானிக்கல். கார் கழுவும்போது யாராவது தட்டிவிட்டிருக்கலாம். அதற்காக யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் கதவில் இரண்டு திசையுமே சில நேரம் வேலை செய்தது, சில நேரம் இல்லை. கடைசியாகப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் சென்னை வேளச்சேரியில் சின்னக் கடை வைத்திருக்கிறார், வயதில் என்னைவிட மூத்தவர். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "சார், கதவைத் திறந்து வெச்சு அழுத்திப் பாத்தீங்களா, மூடி வெச்சு அழுத்திப் பாத்தீங்களா?"

"மூடித்தான் பார்த்தேன், அண்ணே."

"திறந்து வெச்சு அழுத்துங்க."

திறந்து வைத்தால் பத்துக்குப் பத்து முறை வேலை செய்தது. மெதுவாக மூடிக்கொண்டே அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுபோனது. கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை.

கழற்றிய பிறகு அவர் எடுத்தது மல்டிமீட்டர் இல்லை, ஹோல்டரோடு ஒரு இண்டிகேட்டர் பல்பு. ஏன் என்று கேட்டேன். லாக் சிக்னல் ஒரு வினாடிகூட நீடிக்காது. சாதாரண டிஜிட்டல் மீட்டரில் எண் நிலைப்பதற்குள் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், மீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஒயரின் இழைகளில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் மோட்டார் சுற்றச் சில ஆம்பியர் வேண்டும். அந்த ஒற்றை இழையால் அது முடியாது. 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். மோட்டாரின் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்கை) கழற்றி, அந்த இரண்டு முனையில் பல்பை மாட்டி, ரிமோட்டை அழுத்தினால் பளிச்சென்று ஒரு மின்னல் மின்ன வேண்டும். இரண்டு திசையிலும் பளிச்சென்று மின்னினால் கோளாறு மோட்டாரிலோ லாக்கிலோ. மங்கலாக மின்னினால் ஒயரிலோ எர்த்திலோ எங்கோ தடை. மின்னவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது.

பல்பை மோட்டார் ஒயர்களில் மட்டுமே வைக்க வேண்டும். அவை பெரும்பாலும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். பிசிஎம்முக்குத் தகவல் சொல்லும் மெல்லிய ஒயர்களில் பல்பை வைத்தால் பெட்டியே போய்விடலாம். அங்கே மீட்டர்தான் சரி. மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொடவே கூடாது.

எங்கள் காரில் கதவு திறந்திருந்தபோது பல்பு பளிச்சென்று மின்னியது, முக்கால்வாசி மூடியபோது மின்னவில்லை. கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைப் பிதுக்கி எடுத்தார். உள்ளே ஒயர்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றாக விரலில் பிடித்து மெல்ல இழுத்தார். ஒன்று மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. நம் ஊரில் வண்டி இடது ஓரத்தில் நிற்பதால், பின்சீட்டில் உட்காருபவர்கள் ஏறுவதும் இறங்குவதும் இடது கதவில்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த ஒயர்கள் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நிமிர்கின்றன. ஒன்பது வருஷம் மடங்கினால் அறுந்துதான் போகும். இதே காரணத்தால் ஓட்டுநர் கதவிலும் அதிகம் அறுகிறது.

இப்போது வழிகளை ஒப்பிடலாம்.

ஒயர்தான் கோளாறு என்றால் சரிசெய்ய மூன்று விதம் உண்டு. அறுந்த முனைகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஒன்று. அந்த மழைக்காலம்கூடத் தாங்காது. டேப்பின் பசை வெயிலில் இளகி, ஈரம் ஏறி, செம்பு பச்சைப் பூத்துவிடும். அறுந்த இடத்திலேயே ஈயம் வைத்துப் பற்றவைப்பது இன்னொன்று. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். மடங்கும் இடத்தில் விறைப்பு வந்தால், அது முடியும் ஓரத்தில் மறுபடியும் அறுகிறது. மூன்றாவதுதான் சரியானது: பழுதான பகுதியை ரப்பர் குழாயின் இரண்டு பக்கமும் தாண்டி வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளையும் ஒயரைப் புதிதாகப் போடுவது. ஒரு இணைப்பு கதவுக்குள், இன்னொன்று தூணுக்குள். இரண்டின் மேலும் ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை. மடங்கும் இடத்தில் இணைப்பே இருக்காது. அண்ணன் இப்படித்தான் செய்தார். ஒயருக்கும் கூலிக்குமாக 700 ரூபாய் கொடுத்தேன்.

ஒன்று அறுந்தால் பக்கத்தில் இருப்பவையும் அதே வயதுதான். பவர் விண்டோ ஒயரும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது. அதனால் எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு ஒயர்கள் போயிருந்தால் ஒவ்வொன்றாக ஒட்டுவதைவிட, அந்தக் கதவின் ஒயரிங்கை முழுசாகக் கம்பெனியில் வாங்கிப் போடுவது நல்லது. எலி கடித்திருந்தால் கதை வேறு. எலி ஒரு இடத்தோடு நிறுத்தாது. பானெட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் தேடியாக வேண்டும்.

பல்பு பளிச்சென்று மின்னினால் மோட்டார் பக்கம் போகலாம். அதற்கும் முன்னால், குமிழைக் கையால் அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் லாக்கில் பழைய கிரீஸ் காய்ந்து தூசியோடு கட்டியாகியிருக்கும். சுத்தம் செய்து புது வெள்ளை கிரீஸ் வைத்தாலே சில கதவுகள் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு குறிப்பு: சோதிக்கிறேன் என்று ரிமோட்டைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து முறை அழுத்தினால், பல கார்களில் லாக் தானாகவே நின்றுவிடும். சூட்டிலிருந்து மோட்டாரைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. சில நிமிஷம் விட்டால் திரும்ப வேலை செய்யும். ஆனால் ஒன்றிரண்டு அழுத்தலுக்கே, அதுவும் சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்தபின் மட்டும் நின்றுபோகிறது என்றால் மோட்டாரின் ஆயுள் முடியப் போகிறது.

மோட்டாரை மட்டும் மாற்றலாமா, முழு அசெம்ப்ளியையா? உள்ளே இருக்கும் மோட்டார் விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் பல அசெம்ப்ளிகளின் பிளாஸ்டிக் ஓடு திறப்பதற்காகச் செய்யப்பட்டதே அல்ல, ஒட்டி மூடியிருப்பார்கள். பிளந்து திறந்து, பழைய பற்சக்கரத்தைக் கழற்றிப் புது மோட்டாரில் ஏற்றி, திரும்ப ஒட்ட வேண்டும். தண்டின் நீளமும் தடிமனும் அச்சாகப் பொருந்த வேண்டும். எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் பழைய இறுக்கம் வராது. கதவுக்குள் மழைத்தண்ணீர் எப்போதும் வழிந்துகொண்டே இருக்கும். அதனால் ஓடு திருகாணியால் மூடப்பட்டிருந்தால், அல்லது உங்கள் மாடலுக்கு அசெம்ப்ளியே கிடைக்காமல் போய்விட்டால் மட்டும் இந்த வழி. மற்றபடி அசெம்ப்ளியாகவே மாற்றுங்கள் என்பதே என் கருத்து. கூலி இரண்டு முறை கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

பழைய மாடல் கார்களில் மோட்டார் தனியாகவும் லாக் தனியாகவும் இருந்து, ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் கடையில் கிடைக்கும் பொதுவான இரண்டு ஒயர் மோட்டாரே போதும், விலையும் சில நூறு ரூபாய்தான். கம்பி நேர்க்கோட்டில் இழுபட வேண்டும் என்பது மட்டும் கவனம். சாய்வாகப் பொருத்தினால் பற்சக்கரம் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

அசெம்ப்ளியை எங்கே வாங்குவது? கம்பெனி ஒரிஜினல் விலை அதிகம், ஆனால் கதவைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அதே பொருளின் டூப்ளிகேட் கிடைக்கும். கையில் எடுத்து நெம்பினாலே பிளாஸ்டிக்கின் தரம் தெரிந்துவிடும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஒரிஜினல் கிடைக்கும். டூப்ளிகேட்டுக்கும் கழற்றிய ஒரிஜினலுக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், இரண்டு நிபந்தனையோடு. பாகத்தின் எண் அப்படியே ஒத்துப்போக வேண்டும். கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் ஃபியூஸ் வைத்த ஒயரால் ஒரு கணம் மட்டும் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். தொட்டபடியே பிடித்திருந்தால் மோட்டார் கருகிவிடும்; தட்டி எடுக்க வேண்டும். இரண்டு திசையிலும் சுறுசுறுப்பாக அடித்தால் வாங்கலாம்.

புது சென்ட்ரல் லாக் கிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். கிட் மோசமான பொருள் அல்ல. தயாரிப்பிலேயே சென்ட்ரல் லாக் இல்லாமல் வந்த அடிப்படை மாடலுக்கு அது அருமையான தீர்வு. ஓட்டுநர் கதவுக்கு ஸ்விட்சும் சேர்ந்த ஐந்து ஒயர் மோட்டார், மற்றவற்றுக்கு இரண்டு ஒயர் மோட்டார், ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒரே நாளில் மாட்டிவிடுவார்கள். எங்கள் காரைப் போலத் தயாரிப்பிலேயே லாக் வந்த வண்டிக்கு, ஒரு கதவு கெட்டுப்போனதற்காக அதைப் போடச் சொல்வதுதான் தவறு. பல கார்களில் ஏர்பேக் விரியும் அளவுக்கு விபத்து நடந்தால், பிசிஎம் உடனே எல்லாக் கதவையும் திறந்துவிடும். வெளியே ஓடிவருபவர்கள் கதவைத் திறந்து நம்மை இழுத்து எடுப்பதற்காக அந்த ஏற்பாடு. கிட்டின் பெட்டிக்கு ஏர்பேக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இருந்த லாக்கைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கடையில் என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை. பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்து ஓட்டுகிற நான், இதைத் தெரிந்தபின் அந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாரண்டி உள்ள வண்டி என்றால், ஒயரை வெட்டிய இடத்திலேயே அதற்கும் வம்பு வரும்.

கையால் லாக் செய்துகொள்வது? முன் இடது கதவு என்றால் சில மாதம் ஓட்டலாம். பின்கதவில் ஆபத்து இருக்கிறது. சைல்ட் லாக் போட்டிருக்கிறது, லாக்கும் விழுந்துவிட்டது, மோட்டார் திறக்கவில்லை என்றால், உள்ளிருப்பவர் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது, வெளியிலிருந்தும் திறக்காது. குமிழை இழுத்துவிட ஒருவர் வேண்டும். குழந்தையாலோ வயதானவராலோ பதற்றத்தில் அது முடியாமல் போகலாம். சரிசெய்யும் வரையாவது சைல்ட் லாக்கை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, பாதி அறுந்த ஒயர் உறை கிழிந்து பாடியில் பட்டால் ஃபியூஸ் போகும். அப்போது நான்கு கதவும் சேர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் யாராவது பெரிய ஃபியூஸ் போட்டுத் தருகிறேன் என்றால் விடாதீர்கள். எழுதியிருக்கும் ஆம்பியரைத் தாண்டினால் எரிவது ஒயரிங்.

எல்லாக் கதவும் செத்துப்போய், ஃபியூசும் சரியாக இருந்தால் மட்டும் கம்பெனி சர்வீசுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். பிசிஎம்மைப் படிக்கும் ஸ்கேன் கருவி அவர்களிடம் இருக்கும். பெட்டியை மாற்ற வேண்டி வந்தால், பல மாடல்களில் அந்த வண்டிக்கென்று அதைப் பதிவுசெய்தால்தான் ஓடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எங்கள் பக்கம் தண்ணீரில் நின்ற கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். காலடியில், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கப்ளர்களில் சேறு புகுந்தால், வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் மாதக்கணக்கில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கதவுக் கோளாறுக்கு நேர்மாறு: பொறுமையுள்ள ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், கம்பெனி பில்லில் ஒரு சிறு பங்குக்கு வேலையை முடித்துவிடுவார்.

யாரிடம் கொடுத்தாலும் ஒன்று கேளுங்கள்: "டோர் பேடுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டுவீங்களா?" கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அந்த ஷீட்டுக்கு அந்தப் பக்கமாகவே வழிந்து, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். அவசரத்தில் ஷீட்டைக் கிழித்து அப்படியே விட்டால் தண்ணீர் காருக்குள் வரும், டோர் பேட் ஊறிப்போகும், ஸ்விட்சும் கப்ளரும் நனையும். அந்த ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் கதவுக்குள்ளேயே தண்ணீர் தேங்கி நிற்கும். அண்ணன் ஒரு ஈர்க்குச்சியால் எங்கள் கதவின் மூன்று ஓட்டைகளையும் குத்திவிட்டார். கால் டம்ளர் சேற்றுத் தண்ணீர் வந்தது. பிறகு பழைய பசையைச் சூடாக்கி ஷீட்டைச் சுருக்கமில்லாமல் ஒட்டினார்.

கிளம்பும்போது ஓட்டுநர் கதவின் ரப்பர் குழாயையும் பிதுக்கிக் காட்டினார். இரண்டு ஒயர்களின் உறை வெளுத்து, மடிப்பில் கோடு விழுந்திருந்தது. இன்னும் அறவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் அதையும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். அம்மா இப்போது ரிமோட் சத்தம் கேட்டதும் தானே கதவைத் திறந்து ஏறிக்கொள்கிறார்.